அம்மா, கேக்குதா?

செம்பாக்கம்
ஞாயிற்றுக்கிழமை

தீபா கண்ணுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று ஆரம்பித்தால் நீ நம்பமாட்டாய். அதனால் அதை விட்டுவிடுகிறேன். நீ போனில் வரும்போதெல்லாம் அம்மா என் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். அவளை வைத்துக்கொண்டு அவளைப் பற்றியே எப்படிப் பேசுவது? அதனால்தான் இந்தக் கடிதம். படம் எடுத்து மெயிலில் அனுப்புகிறேன். என் கையெழுத்து புரியாவிட்டால் திட்டாதே.

முதலில் நல்ல சேதி. அம்மாவைச் சேர்க்க வண்டலூர் பக்கம் ஒரு முதியோர் இல்லம் பார்த்து வைத்திருக்கிறாயே, மாதக் கடைசிக்குள் சரி என்று சொல்லவேண்டும் என்றாயே, அது தேவைப்படாது போலிருக்கிறது. கோபப்படாமல் முழுக்கப் படி.

உனக்குத் தெரிந்ததுதான். காலையில் எட்டு மணி ஆனால் போதும், அம்மா புடவை மாற்றிக்கொண்டு, கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். பொத்தேரிக்குக் காலேஜ் பஸ் பிடிக்கவேண்டுமாம். லைப்ரரி சாவி அவளிடம்தான் இருக்கிறதாம். ரிடையர் ஆகி எத்தனை வருஷம் ஆயிற்று என்று சொன்னால், "ஏங்க காலங்காத்தால விளையாடுறீங்க, பஸ் போயிடும்" என்கிறாள். நான் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கப் போயிருப்பேன், இல்லை குளித்துக்கொண்டிருப்பேன். திரும்பிப் பார்த்தால் கேட் திறந்து கிடக்கும். கேம்ப் ரோடு வரைக்கும் ஈரத் தலையோடு ஓடியிருக்கிறேன்.

பூட்டு போடு என்றாய். போட்டேன். அவள் கிரில்லைப் பிடித்துக்கொண்டு உலுக்கினாள். தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் சரசு ஓடி வந்தாள். அவளிடம் அம்மா, "என்னைப் பூட்டி வெச்சிருக்காங்கம்மா, போலீசுக்குச் சொல்லு" என்று அழுதாள். சரசு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அப்பப்பா! "இன்னா சார் இது, பாவம் சார் அது" என்றாள். அன்றைக்கே பூட்டைக் கழற்றி எறிந்துவிட்டேன்.

அப்புறம்தான் பரண் மேல் இருந்த உன் காலேஜ் பெட்டியை இறக்கினேன். நீ கடைசி வருஷத்தில் ராவும் பகலும் கட்டிக்கொண்டு அழுதாயே, உள்ளங்கை அகல கம்ப்யூட்டர், அது அப்படியே பஞ்சு சுற்றி இருந்தது. கூடவே ஒரு சின்ன ஸ்பீக்கரும் இருந்தது. கேட்டில் ஒரு காந்தமும் சுவிட்சும் வைத்தால், கேட் திறந்ததும் இந்தக் கம்ப்யூட்டர் போர்டுக்குத் தெரிந்துவிடும், உடனே ஸ்பீக்கரில் குரல் கொடுக்கும் என்று ஒருவன் யூடியூபில் காட்டினான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் ஒயரோடு குப்பை கொட்டியவனுக்கு இது என்ன பெரிய வித்தை என்று உட்கார்ந்தேன்.

ஒயர் வேலை சுலபம்தான். புரோகிராம்தான் என் பிராணனை வாங்கியது. ஒரு வரிக்கு முன்னால் நாலு இடைவெளி விடவேண்டுமாம். மூன்று விட்டால் முறைத்துக்கொள்கிறது. கல்யாணப் பத்திரிகையில் தன் பேர் ஒரு வரி கீழே போய்விட்டது என்று உன் பெரியப்பா இரண்டு வருஷம் பேசாமல் இருந்தாரே, அதே குணம். எதிர் வீட்டு தனசிங் வந்து பார்த்துவிட்டு, "அண்ணா, ஒரு நாய் வாங்கி விடுங்க, இதைவிட சீப்பு" என்று கிண்டல் பண்ணினார். நான் விடவில்லை. சுவிட்சு வேலை செய்து, ஸ்பீக்கர் 'பீப்' என்று கத்தியபோது நான் போட்ட கூச்சலில் தனசிங் மறுபடியும் ஓடி வந்தார்.

சரி, என்ன குரல் கொடுப்பது? என் குரலிலேயே, "கீதா, வெளிய போகாத, உள்ள வா" என்று பதிவு பண்ணி வைத்தேன். மறுநாள் கேட்டைத் திறந்தாள், ஸ்பீக்கர் பேசியது. அம்மாவுக்கு வந்ததே கோபம்! "யாருடா அது, பேர் சொல்லிக் கூப்பிடுறது? தெரியாத ஆம்பளை" என்று விறுவிறுவென்று நடந்துவிட்டாள். அவள் சொன்னதும் நியாயம்தானே. கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் அவளை 'ஏம்மா' என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன்.

இப்போதுதான் விஷயத்துக்கு வருகிறேன். வேறு என்ன ஒலி போடலாம் என்று தேடும்போது, போர்டில் சொருகியிருந்த உன் பழைய மெமரி கார்டிலேயே ஒரு பதிவு கிடைத்தது. மைக்கைச் சோதிக்க நீ பண்ணியது போலிருக்கிறது. உன் ரூமிலிருந்து கத்துகிறாய்: "அம்மா, கேக்குதா?" பின்னால் குக்கர் விசில் அடிக்கிறது. பதில் வரவில்லை. "அம்மா! கேக்குதான்னு கேக்குறேன்ல!" அவ்வளவுதான். உன் இருபத்தோரு வயசுக் குரல். அந்த எரிச்சல்கூட மாறாமல் அப்படியே இருக்கிறது. நான் அதை எத்தனை முறை கேட்டேன் என்று சொன்னால் சிரிப்பாய்.

அதையே கேட் ஸ்பீக்கரில் போட்டேன். மறுநாள் அம்மா பையோடு கிளம்பினாள். கேட் திறந்தது. "அம்மா, கேக்குதா?" அப்படியே நின்றாள். திரும்பினாள். "கேக்குதுடி, ஏன் கத்துற? குக்கரை இறக்கிட்டு வரேன்" என்று சொல்லிக்கொண்டே நேராக அடுப்படிக்குப் போய்விட்டாள்! பையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். பஸ், லைப்ரரி எல்லாம் மறந்துபோயிற்று. நான் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்றே எழுதுகிறேன், உன்னிடம் என்ன வெட்கம்.

தினமும் இப்படித்தான் நடக்கிறது. போனில் உன் முகம் வந்தால் டிவியில் யாரோ வருவது போலப் பார்க்கிறாள். ஆனால் கேட்டில் உன் குரல் கேட்டால் மட்டும் உனக்கு அம்மாவாக இருக்கிறாள். அதனால் அந்த இல்லத்துக்காரர்களிடம் இடம் வேண்டாம் என்று சொல்லிவிடு. மழை ஆரம்பித்துவிட்டது, ஏரி பாதி நிரம்பியிருக்கிறது. அங்கே குளிரில் காதை மூடிக்கொண்டு போ.

உன் அம்மாவைப் பத்திரமாக வைத்திருக்கும்
அப்பா குமரவேல்

*

செம்பாக்கம்
வெள்ளிக்கிழமை

தீபாவுக்கு,

முந்தின கடிதத்துக்கு நீ வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரலும், 'சூப்பர்ப்பா, ஆனா இது பெர்மனென்ட் சொல்யூஷன் இல்லை' என்று ஒரு வரியும் அனுப்பியிருந்தாய். எனக்குச் சுருக்கென்றது. பதில் போடவில்லை. இப்போது எழுதுவதைப் படித்தால், அப்பவே சொன்னேனே என்பாய். சொல்லிக்கொள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இடியும் மின்னலுமாக ஒரு மழை. நம் வீட்டில் இடி இடித்தால் என்ன பண்ணுவோம்? உனக்கே தெரியும், பிளக்கைப் பிடுங்குவோம். டிவி, ஃபிரிட்ஜ், மோடம், மிக்சி, ஒன்று விடாமல் பிடுங்குவேன். சின்ன வயசில் நீயே என் பின்னால் ஓடி வந்து பிடுங்குவாய். அன்றைக்கும் கை தானாகப் போயிற்று. போர்டின் பிளக்கையும் பிடுங்கிவிட்டேன்.

அதை அப்படிப் பிடுங்கக்கூடாதாம். முதலில் அணைக்கச் சொல்லி உத்தரவு கொடுத்து, அது தன் வேலையை முடித்துப் படுத்த பிறகுதான் கரண்டை எடுக்கவேண்டுமாம். யூடியூப்காரன் தலைப்பாடாக அடித்துக்கொண்டான். எனக்கும் ஞாபகம் இருந்தது. ஆனால் இடி இடித்த நேரத்தில் அதெல்லாம் எங்கே ஞாபகம் வருகிறது? மழை விட்டு மறுபடி சொருகினால் சிவப்பு விளக்கு எரிகிறது, பச்சை விளக்கு சிமிட்டவில்லை. மெமரி கார்டு போய்விட்டது. உன் குரல் அதில்தான் இருந்தது. காப்பி எடுத்து வைத்தாயா என்று கேட்காதே. எடுக்கவில்லை. மடையன்.

மறுநாள் காலையில் மழைத் தூறல். இந்த மழையில் எங்கே போகப்போகிறாள் என்று நினைத்து, குடையை எடுத்துக்கொண்டு பால் பாக்கெட் வாங்கப் போனேன். திரும்பி வந்தால் கேட் திறந்திருக்கிறது. ஆணியில் பை இல்லை. சரசு அன்றைக்குக் கடை போடவில்லை. தனசிங் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஒரு பக்கம், நான் ஆட்டோவில் ஒரு பக்கம். கேம்ப் ரோட்டில் இல்லை, சேலையூரில் இல்லை. ஏரிக்கரை வரைக்கும் போய்ப் பார்த்தேன். அங்கே நின்று தண்ணீரைப் பார்த்தபோது எனக்கு என்ன தோன்றியது என்பதை எழுதமாட்டேன்.

அப்போதுதான் போன் வந்தது. காலேஜ் பஸ் ஓட்டுகிற ரவி, அம்மா வேலைக்குப் போன காலத்திலிருந்தே நம் நம்பர் வைத்திருப்பவன். "சார், நம்ம லைப்ரரி மேடம் பஸ்ல ஏறிகினாங்க சார். ஏதோ பங்சன்னு நென்ச்சேன். இங்க பொத்தேரில எறங்கி, பழைய லைப்ரரி கதவாண்ட நின்னுகினு கீறாங்க. சாவி தேடுறாங்க சார், நீங்க வாங்க" என்றான். அந்தப் பிள்ளை நல்லா இருக்கணும். அவன் தன் வேலையை விட்டுவிட்டு, நான் போகும்வரை அவளுக்குக் குடை பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருந்தான்.

திரும்பி வரும்போது எலெக்ட்ரிக் ட்ரெயினில் ஜன்னல் ஓரம் உட்கார வைத்தேன். முழுக்க நனைந்திருந்தாள். துண்டால் தலையைத் துவட்டினேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். அப்புறம், "சார், உங்களைப் பார்த்தா நல்லவரா தெரியுது, அதனால சொல்றேன்" என்று ஆரம்பித்தாள். நாற்பது வருஷம் குடும்பம் நடத்தியவனை சார் என்கிறாள், சரி, கேட்டுக்கொண்டேன். "தினம் காலையில என் பொண்ணு கூப்பிடுவா சார். இன்னிக்குக் கூப்பிடவே இல்லை. வாசல்ல நின்னு நின்னு பார்த்தேன். அவ ஒரு குரல் குடுத்திருந்தா நான் ஏன் சார் கிளம்பப் போறேன்?" என்றாள். கூப்பிடுவாம்மா, நாளைக்குக் கூப்பிடுவா என்று சொல்லி வைத்தேன்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து லேசாகக் காய்ச்சல். பயப்படாதே, டாக்டர் பார்த்துவிட்டார், கஞ்சி குடிக்கிறாள். பழைய கார்டை, கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ரிச்சி தெருவுக்குக் கொண்டு போனேன். கடைக்காரர் கம்ப்யூட்டரில் சொருகிப் பார்த்துவிட்டு, "செத்துப்போச்சு சார், தூக்கிப் போடுங்க" என்றார். தூக்கிப் போடவா? சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். புதுக் கார்டு வாங்கி, முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி எழுதினேன். இந்தத் தடவை இடைவெளி ஒன்றுகூடப் பிசகவில்லை. கேட் திறந்தால் போர்டுக்குத் தெரிகிறது. சொல்வதற்குத்தான் அதனிடம் ஒன்றும் இல்லை. இடி இடித்தாலும் இனிமேல் அதைப் பிடுங்கக்கூடாது என்று பிளக்கின் மேல் பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறேன்.

அதனால் ஒரு உதவி. உன் போனில் பேசிப் பதிவு பண்ணி அனுப்பு. ஆபீஸ் ரூமில் உட்கார்ந்து மெதுவாகப் பேசாதே, அவளுக்குப் புரியாது. அடுப்படியில் அம்மா இருக்கிறாள், நீ ரூமில் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு கத்து. கொஞ்சம் எரிச்சலாகவே கத்து. அங்கே குக்கர் இருந்தால் ஒரு விசில் வரும்போது பேசு. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர்கள் என்ன நினைத்தால் நமக்கென்ன?

'கேக்குதா'ன்னு கேள், போதும். சாப்பிட்டியாம்மா என்றும் கேட்கலாம். ஆனால் ஒன்று மட்டும் சொல்லவேண்டாம். 'நான் வரேம்மா' என்று மட்டும், டிக்கெட் எடுக்காமல், சும்மா ஒரு ஆறுதலுக்காகச் சொல்லிவிடாதே. அந்தக் குரல் தினமும் காலையில் அதையே சொல்லும். நீ வருகிறாய் என்று கேட்டுவிட்டால் அவள் அடுப்படிக்குப் போகமாட்டாள். வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். யார் சொன்னாலும் எழுந்திருக்கமாட்டாள்.

அந்த இல்லத்துக்குப் பதில் சொல்லும் விஷயத்தில் போன தடவை துள்ளியதுபோல் இப்போது துள்ளமாட்டேன். மாதக் கடைசிவரை நாள் இருக்கிறது. நீ அனுப்புவதைப் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள். எங்கே இருந்தாலும் நீ நல்லா இருக்கணும், அதுதான் எங்களுக்கு வேண்டும். அம்மா உள்ளே தூங்குகிறாள். எழுந்ததும் உன் பேரைச் சொல்லி என் நெற்றியில் திருநீறு பூசிவிடச் சொல்கிறேன், சொன்னால் செய்வாள்.

மேலே எழுதியதில் ஒரு வரி விட்டுப்போயிற்று. நீ வருகிறாய் என்று அந்த ஸ்பீக்கர் சொன்னால், அது வெறும் பதிவுதான் என்று தெரிந்தும், அவள் பக்கத்தில் நானும் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொள்வேன் கண்ணு.

அப்பா