ஞாயிற்றுக்கிழமை விரிப்புகள்

மார்ச் 4, திங்கள்

ஜோஸ்பின் சலவைக் கடையை விட்டுப் போய் இரண்டு மாதம் ஆகிறது. இன்னும் வருகிறவர்கள் எல்லாம் "அந்தச் சிரிச்ச மூஞ்சிப் பொண்ணு எங்க?" என்று என்னிடமே கேட்கிறார்கள். இத்தனை வருஷமாக இஸ்திரி பிடிக்கிறவள் நான். என் மூஞ்சியை யாராவது தேடியதுண்டா?

முதலாளி மேல் லேபர் கோர்ட்டில் வழக்குப் போட்டிருக்கிறாளாம். ஞாயிற்றுக்கிழமை வேலைக்குச் சம்பளமே கொடுக்கவில்லையாம். என்னவோ இவள் ஒருத்திதான் உழைத்த மாதிரி! மடித்து வைத்தாள், அவ்வளவுதான். தேய்த்தது யார்?

மார்ச் 5

வயிறு எரிகிறது.

மார்ச் 12, செவ்வாய்

முதலாளி கனகரத்தினம் என்னைப் பசியாறக் கூட்டிப் போனார். அதிசயம்தான்! தோசையை அவரே என் பக்கம் தள்ளிவிட்டு மெதுவாகச் சொன்னார்: "பவளம், ஞாயித்துக்கிழம நம்ம கடை அடைப்பு. கோர்ட்ல அத மட்டும் சொல்லிட்டுப் போ. உன்ன சூப்பர்வைசரா போடுறேன்."

பொய். ஞாயிறுதோறும் ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே ஹோட்டல் விரிப்புகளைத் தேய்க்கிறோம். எனக்கும் அதற்கு ஒரு வெள்ளிகூடச் சம்பளமாக வந்ததில்லை. ஆனால் அவள் ஜெயித்துவிட்டால்? தைப்பிங் ஊர் முழுக்க அவள் பேச்சாகத்தானே இருக்கும்? என்னால் தாங்க முடியாது.

சரி என்றேன்.

மார்ச் 20, புதன்

ஐயோ, என்ன செய்துவிட்டு வந்திருக்கிறேன்!

நன்றாகத்தான் ஆரம்பித்தேன். ஞாயிறு கடை அடைப்பு என்று லேபர் கோர்ட் அதிகாரி நோரைனி அம்மாவிடம் தெளிவாகச் சொன்னேன். முதலாளி தலையாட்டினார். வக்கீல் இல்லாததால் ஜோஸ்பினே என்னைக் கேள்வி கேட்கலாமாம். எழுந்தாள் மகாராணி.

"அக்கா, ஞாயித்துக்கிழம வர்ற ஹோட்டல் விரிப்பு அத்தனையும் நான் ஒருத்தியாத்தான தேய்ச்சேன்? நீங்க ஒண்ணும் செய்யலதான?"

அவ்வளவுதான். எனக்கு எங்கிருந்து வந்ததோ!

"யாருடி தேய்ச்சது? உனக்கு இஸ்திரியப் புடிக்கவே தெரியாது! ஒரு ஞாயிறு விடாம நின்னு தேய்ச்சது நானு! நீ மடிச்ச, அவ்ளோதான்!"

மொழிபெயர்ப்பாளர் அதை மலாயில் சொல்லி முடிக்கும்வரை எனக்கு உறைக்கவில்லை. அதிகாரி எழுதிக்கொண்டே இருந்தார். முதலாளி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே...

மார்ச் 21

"இனிமே கடப் பக்கம் வராத" என்று சொல்லி அனுப்பிவிட்டார். சூப்பர்வைசராம்!

மே 7, செவ்வாய்

அவள் ஜெயித்துவிட்டாள். பாக்கியை எல்லாம் கொடுக்கச் சொல்லி உத்தரவு. கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்கே வந்து நிற்கிறாள், அதே சிரிப்போடு.

"வேணும்னுதான அப்படிக் கேட்ட?" என்றேன்.

"பின்ன? உண்மையச் சொல்லுங்கக்கான்னு கெஞ்சியிருந்தா சொல்லியிருப்பீங்களா?"

நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"நாளைக்கு உங்க ஞாயித்துக்கிழமச் சம்பளத்துக்கும் முதலாளி மேல ஒரு கேஸ் போடுவோம். நான் சாட்சி சொல்றேன். தேய்ச்சது பூரா பவளம் அக்கா, மடிச்சது மட்டும்தான் நான்னு சொல்றேன். போதுமா?"



"மொழிபெயர்ப்பாளர நம்ப முடியாது. நீயே மலாய்லயும் சொல்லணும்" என்றேன்.