நம் வீட்டில் ஒருவர் மட்டும் பார்த்த குருவி

அன்பு வாலுக்கு அப்பா எழுதுவது. நான் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், பாதி நலம் என்று வைத்துக்கொள், நீயும் மாப்பிள்ளையும் முழு நலமாக இருந்தால் மீதிப் பாதி தானாக வந்துவிடும். முழங்கால் பழையபடிதான். உன் அத்தை தினமும் சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் கடைசி வாய் விழுங்கும்வரை எதிரே உட்கார்ந்து காவல் காக்கிறாள். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, அம்மா இருந்தால் இதற்குள் நாலு முறை சொல்லியிருப்பாள், சொல்ல ஆள் இல்லாததால் நானும் விட்டுவிட்டேன்.

போன வாரம் என்னோடு வேலை செய்த பழைய ஆட்களைப் பார்க்க பஸ் டிப்போவுக்குப் போனேன். ஒர்க்‌ஷாப் கூரையில் ஏதோ புதுப் பறவை வந்திருக்கிறது என்று மெக்கானிக்குகள் பிடித்து நிறுத்திவிட்டார்கள். தலை முழுக்க வெள்ளை, ஒரு பக்கச் சிறகும் வெள்ளை. எங்கயோ கூண்டுலேருந்து தப்பிச்சு வந்திருக்கு என்றார் ஒருவர், கடல் தாண்டி வந்த ஜாதி என்று அடித்துச் சொன்னார் இன்னொருவர். அக்கா இருந்தா பேர் சொல்லியிருப்பாங்களே அண்ணே என்று டீ கொண்டுவந்தவர் அம்மாவை நினைத்துச் சொன்னார். மறுநாள் அம்மாவின் பைனாகுலரை எடுத்துக்கொண்டு போனேன். அவள் போனபிறகு அதைத் தொட்டது அதுதான் முதல் தடவை. வலது பக்க முறுக்கு வளையத்தை அவள் பார்வைக்குத் தக்கபடி வைத்திருந்தாள், எனக்கு அதில் எல்லாம் மங்கல். திருப்பினால் ஒரு நொடி வேலை. மனம் வரவில்லை, அந்தக் கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். நிறத்தை நம்பாதீங்க, அது என்ன பண்ணுதுன்னு பாருங்க என்று படித்துப் படித்துச் சொல்வாளே, அதையே செய்தேன். குட்டையான தடித்த அலகு. இரண்டு காலையும் சேர்த்துத் தத்தியது. டயர் பக்கத்துப் புழுதியில் புரண்டு குளித்தது. தொண்டைக்குக் கீழே மட்டும் கறுப்பு மிச்சம் இருந்தது. சாதாரணச் சிட்டுக்குருவிதான், ஆண். சில இறகில் நிறம் ஏறாமல் விட்டுப்போயிருக்கிறது, நோய் ஒன்றும் இல்லை. இவ்வளவுதானா என்று மெக்கானிக்குகளுக்கு ஏமாற்றம். எனக்கோ தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, கண்டுபிடிச்சிட்டேன், கிளம்பு, டிப்போ வரைக்கும் போயிட்டு வரலாம் என்று உள்ளே பார்த்துக் கத்தினேன். பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

வீட்டுல ரெண்டு பேராவது பார்த்தாத்தான் பார்த்த கணக்கு என்பது அவள் சட்டம். சின்ன வயதில் நீ வேறு மரத்தைப் பார்த்துக்கொண்டே நானும் பார்த்துட்டேன் என்பாய், அது செல்லாது என்று உன் காதைத் திருகுவாள். இந்தக் குருவியை டிப்போவே பார்த்துவிட்டது, நம் வீட்டில் நான் ஒருவன்தான். இறகு உதிர்ந்து மறுபடி முளைக்கும்போது அந்த வெள்ளை இருக்குமோ போகுமோ தெரியாது. அம்மாவை அனுப்பிவைத்துவிட்டு நீ திரும்பிப் போனதிலிருந்து லீவு கிடைக்கட்டும் என்கிறாய், போனில் நானும் சரி சரி என்கிறேன். சரியில்லையம்மா. குருவி ஒரு சாக்கு. நீ வா.

வேலை வேலை என்று வயிற்றைக் காயப்போடாதே. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். நீங்கள் இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் நெடுநாள் சேர்ந்தே இருக்க வேண்டும், எனக்கு வேறு வேண்டுதல் இல்லை. டிக்கெட் போட்டதும் அத்தைக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடு, இல்லையென்றால் என்னைப் பிடித்துக்கொள்வாள். வந்ததும் பைனாகுலரின் அந்த வலது பக்க வளையத்தை உன் கண்ணுக்குத் திருப்பிக்கொள். என்னால் முடியாது.

இப்படிக்கு,
வாசலையே பார்த்திருக்கும்
உன் அப்பா