பிடித்துத் தைத்த இடது கால்

அன்புள்ள சின்னவனுக்கு, அம்மா எழுதுவது. உன் அப்பாவின் இடது முழங்கால் நீங்கலாக இங்கே எல்லோரும் நலம். வலது கணுக்கால் நீங்கலாக நீயும் நலம் என்று நம்புகிறேன். ஆமாம், தெரியும். அக்காவைத் திட்டாதே. வீக்கம் வற்றிவிட்டது, திங்கட்கிழமை சாரத்தில் ஏறிக் கண்ணாடி மாட்டப்போகிறேன், அம்மாவிடம் சொல்லாதே என்று நீ சொன்னதை அவளால் ஒரு நாள்கூட வயிற்றில் வைத்திருக்க முடியவில்லை. போனில் பேசினால் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். அக்கா இதைப் படம் பிடித்து இன்றே அனுப்புவாள்.

அப்பாவுக்கு இரண்டு மாதத்துக்கு முன்னால் கால் பிசகியது உனக்குத் தெரியும். வேலைக்குப் போன இடத்தில் ஒரு வீட்டைக் காலி செய்யும்போது மர பீரோவோடு படியிறங்கினார், உடம்பு திரும்பியது, பாதம் திரும்பவில்லை. சாயங்காலத்துக்குள் முழங்கால் பந்துபோல் ஆகிவிட்டது. மூன்று நாள் ஐஸ் வைத்துப் படுத்திருந்தார், நாலாம் நாள் வீக்கம் பாதியானதும் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு லாரி ஏறிவிட்டார். வலி குறையக் குறைய, சரியாகிவிட்டது என்று அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன். ஒரு மாதம் கழித்து, பேண்ட்டில் இடது கால் மட்டும் தொளதொளவென்று இருக்கிறது என்றார். முப்பது வருஷமாக அளவெடுத்துத் தைக்கிறவளுக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும்? துணி வெட்டியதில் கோளாறு என்று தோன்றியது. இடது காலை மட்டும் பிடித்துத் தைத்துக் கொடுத்துவிட்டேன். அதுவும் நேர்த்தியாக.

போன வியாழக்கிழமை இரண்டாவது மாடிக்கு ஒரு வாஷிங் மெஷினை ஏற்றும்போது அந்தக் கால் மடங்கிவிட்டது. கீழ்ப்பக்கம் பிடித்திருந்தவர் அப்பா. மேலே இருந்த அவர் கூட்டாளி, எல்லோரும் ஒட்டகம் என்று கூப்பிடுகிற அந்த நெட்டையன், கயிற்றை விடாததால் மெஷின் சுவரில் சாய்ந்து நின்றது, இல்லையென்றால் அப்பாவின் மார்மேல் இறங்கியிருக்கும். வலிக்கவே இல்ல, அந்த நேரத்துல கால் இருக்குறதே தெரியல என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிசியோதெரபி பார்க்கும் பெண் இரண்டு தொடையையும் டேப்பால் அளந்தாள். நான் நம்பாமல் டேப்பை வாங்கி நானே அளந்தேன். இடது தொடை ஒன்றே முக்கால் அங்குலம் குறைவு. மூட்டில் அடிபட்டால் நீர் கோத்து வீங்குவது உடம்பு தன்னை ஆற்றிக்கொள்ளத் தொடங்கும் விதமாம். ஆனால் அந்த வீக்கத்தோடு, மூட்டைத் தாங்கும் தொடைத் தசைக்குப் போகும் உத்தரவையும் உடம்பே குறைத்துவிடுகிறதாம். வலி போன பிறகும் தசை தானாக விழித்துக்கொள்வதில்லை, சும்மா இருந்து இளைத்துப் போகிறது. அப்ப என் தொடை லீவுல இருக்குதாம்மா என்று கேட்டார் அப்பா. லீவு முடிஞ்சு போச்சுங்க, அது வேலைக்கு வரமாட்டேங்குது, நாமதான் போய்க் கூட்டிட்டு வரணும் என்றாள். இப்போது மூன்று வேளையும் முழங்காலுக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்து, திட்டிக்கொண்டே அழுத்துகிறார்.

உன் கணுக்காலைப் பற்றியும் அவளிடம் கேட்டேன். வீக்கம் வற்றினாலும், பாதம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று உடம்புக்குச் சொல்லும் உணர்வு மந்தமாகவே இருக்கலாம் என்றாள். சமதரையில் தெரியாதாம். சாரப் பலகைமேல் கண்ணாடியை ஏந்தியபடி திரும்பும்போது தெரியும். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தையல் ஓடவில்லை. ஒரே சட்டைக் கையை இரண்டு தடவை பிரித்துவிட்டேன். இதை எழுதும்போதே மூன்று தடவை எழுந்து வாசல்வரை போய்வந்தேன், வாசலில் எனக்கென்ன வேலை. சூப்பர்வைசரிடம், கொஞ்ச நாள் கீழே கண்ணாடி வெட்டும் மேஜையில் நிற்கிறேன் என்று கேள். கேட்டால் வாய் தேய்ந்துவிடாது. அங்கேயும் ஒரு பிசியோவிடம் காட்டு.

அதுவரை அவள் சொன்ன ஒரு காரியத்தைச் செய். சுவரோரமாக முதலில் நல்ல காலில் மட்டும் நில், பிறகு பிசகிய காலில் மட்டும். கண்ணை மூடிக்கொண்டு எவ்வளவு நேரம் நிற்க முடிகிறது என்று எண்ண வேண்டும். இரண்டும் ஒன்றாக வராதவரை சாரத்தில் கால் வைக்காதே. நல்லா இருக்கேன் என்று பதில் போடாதே, உன் அப்பாவும் அதைத்தான் சொன்னார். அந்த இரண்டு எண்களை மட்டும் அனுப்பு. நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா

மறந்துவிட்டேன்: உன் அறையில் கூட இருக்கும் பையனை எண்ணச் சொல். நீயே எண்ணினால் கூட்டித்தான் எண்ணுவாய்.