உதுமாலெப்பை மாஸ்டர் கை வைத்த நாள்

அன்பு மகன் அச்சிமுகம்மதுக்கு வாப்பாவின் ஸலாம். றப்பான அல்லாஹ்வின் காவலில் இங்கே எல்லோரும் சுகம், கொழும்பில் உனக்கும் அப்படியே இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறோம். உம்மாவுக்கு முழங்கால் வலி குறைவு, சம்மாந்துறை வயலில் வேளாண்மை கதிர் தள்ளிவிட்டது. இனி நான் எழுத வந்த விஷயம். ஆசிரியர்மாருக்கான விஞ்ஞானப் பயிற்சி வகுப்பு இந்த விடுமுறையில் எங்கள் பள்ளிக்கூடத்திலேயே நடந்தது, அங்கே படிப்பிக்கிறவன் என்று நானும் போயிருந்தேன். நடத்த வந்தவர் கனகசபாபதி என்கிற பயிற்சிக் கல்லூரி விரிவுரையாளர். ஒருவரும் குறிப்பு எழுதக் கூடாது, தங்கள் கையால் செய்து பார்க்க வேண்டும், கடைசி நாள் ஊர்ச்சனங்களுக்கும் செய்து காட்ட வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். உதுமாலெப்பை மாஸ்டரும் வந்திருந்தார். நீ படிக்கிற காலத்தில் விஞ்ஞான அலுமாரியைத் திறந்து காந்தத்தைத் தொட்டாய் என்று உன் உள்ளங்கை வெடிக்க அடித்து, கள்ளன் என்று பேர் வைத்து, சோதனை எழுதவிடாமல் துரத்திய அதே மனுசன்.

கனகசபாபதி அவரைக் கூப்பிட்டு ஒரு பற்றரி, ஒரு துண்டுக் கம்பி, ஒரு டோர்ச் பல்பு கொடுத்து எரிய வைக்கச் சொன்னார். மின்சாரப் பாடத்தை வருஷக்கணக்காய்ச் சொல்லி எழுதுவித்தவர் கம்பியை அங்கே தொட்டார், இங்கே தொட்டார், பல்பு எரியவில்லை, வேர்த்துக் கொட்டியது. கனகசபாபதி இரங்கி உதவப் போனார். நான் எழும்பி, அவரே செய்யட்டும் ஐயா என்று தடுத்தேன். பிறகு, "என்ட மகன் கை வெச்சதுக்குத்தானே மாஸ்டர் அடிச்சீங்க, இப்ப நீங்க கை வெச்சுப் பாருங்க" என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை, அதுதான் எனக்கு இனித்தது.

அன்று பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு மாஸ்டர் நம் வீட்டுக்கு வந்தார். ஊருக்கு முன்னால் இப்படி நிற்க முடியாது, உங்களுக்குச் சரிவந்த செய்முறையைச் சொல்லித் தாங்க என்று கேட்டார். உம்மா பாவம் பார்க்கும்படி உள்ளேயிருந்து சாடை காட்டினாள். சொல்லித் தாறேன், ஆனால் என் மகன் கள்ளன் இல்லை என்று சனங்களுக்கு முன்னால் உங்கள் வாயால் சொல்ல வேண்டும் என்றேன். திரும்பிப் போனவர் மறுநாள் வந்து சம்மதித்தார். கடைசி நாள் பக்கத்து ஊர் சாய்ந்தமருதிலிருந்தும் சனம் வந்திருந்தது. பல்பை எரிய வைத்தார், எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். தலையைக் குனிந்துகொண்டு, "அச்சிமுகம்மது கள்ளன் இல்ல, படிக்க ஆசப்பட்ட புள்ள, நான்தான் கெடுத்துப்போட்டன்" என்றார். பெண்கள் பக்கத்தில் உம்மா அழுதாளாம். எனக்குக் கண்ணீர் வரவில்லை, நெஞ்சும் ஆறவில்லை. உன் படிப்பை அவரால் திருப்பித் தர முடியுமா மகன்.

அந்த அலுமாரி இப்போது என் பொறுப்பில், பூட்டுப் போடுவதில்லை. தெருவில் மாஸ்டர் ஸலாம் சொன்னால் பதில் சொல்வது கடமை, சொல்கிறேன், அதற்கு மேல் ஒரு சொல் கதைப்பதில்லை. அல்லாஹ் உன் தொழிலில் பறக்கத்தும் உடம்பில் சுகமும் தருவானாக. கடைச் சாப்பாட்டையே நம்பியிராதே, பெருநாளைக்குக் கட்டாயம் வா. நீ வந்தால் அவரும் உன்னைத் தேடி வருவார். மன்னிப்பது உன் இஷ்டம், என்னையும் மன்னிக்கச் சொல்லி மட்டும் கேட்காதே.

இப்படிக்கு,
உன் வாப்பா மீராசாஹிபு,
கல்முனை.