நன்றி வாசித்த வியாழக்கிழமை

விவேக் நகர்,
பெங்களூர்.
9.6.1996

அன்புள்ள ஜூலியா,

மஸ்கட்டில் யாருக்கும் ஊசி போடாத நேரம் பார்த்து இதைப் படி. உன் அக்கா மௌரீன் என்னை மனநல டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போய்விட்டாள். ஃபேக்டரியில் வி.ஆர்.எஸ். என்று விருப்ப ஓய்வு கொடுத்து அனுப்பிய பிறகு நான் கட்டிலே கதி என்று கிடப்பதாக உனக்கு எழுதியிருப்பாளே, உண்மைதான். சவரம் செய்ய ஒரு காரணம் தேடினேன், கிடைக்கவில்லை.

ரிச்மண்ட் டவுனில் ஒரு பழைய வீடு. ஆஸ்பத்திரி வாசனையே இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னதும், சரி, ஏதோ சாமியார் மடம் என்று திரும்பிப் போகப் பார்த்தேன். மௌரீன் விடவில்லை. உள்ளே இரண்டு பேர். டாக்டர் சாந்தகுமாரி நிஜமான டாக்டர், மாத்திரை எழுதுகிறார். பாமா என்று இன்னொரு அம்மா, அவர் பேசுவதற்கு. தூக்கம், பசி, தலைவலி எல்லாம் விசாரித்துவிட்டு அவர் கேட்டது என்ன தெரியுமா?

"சாமிக்கும் உங்களுக்கும் எப்படிங்க?"

"பேச்சுவார்த்தை இல்லீங்க" என்றேன்.

முகம் சுளிப்பார் என்று பார்த்தால், "எவ்ளோ நாளா?" என்கிறார், ஜுரத்தை விசாரிக்கிற மாதிரி!

இத்தனை வருஷம் லேத் ஓட்டியவன் நான். எந்த மிஷினைக் கண்டாலும் மூடியைக் கழற்றி உள்ளே பார்க்கக் கை பரபரக்கும். இந்த வைத்தியத்துக்கு மூடி எங்கே இருக்கிறது என்றே புரியவில்லை. அதைக் கண்டுபிடிக்கவாவது அடுத்த வாரமும் போவேன்.

உன்,
யூஜின்

மஸ்கட்
24.6.1996

மரியே வாழ்க

என் அன்பு யூஜினுக்கு,

உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் படித்துச் சிரித்தேன். கூட இருந்த மலையாளி நர்ஸ்கள் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்தார்கள்.

மாத்திரையின் பெயரை ஏன் எழுதவில்லை? மௌரீன் தன் கடிதத்தில் எழுதிவிட்டாள். நல்ல மருந்துதான். ஆனால் வேலை காட்ட மூன்று நான்கு வாரம் ஆகும், நடுவில் உங்கள் இஷ்டத்துக்கு நிறுத்தக் கூடாது. இதை நர்ஸாகச் சொல்கிறேன், பெண்டாட்டியாக அல்ல. பெண்டாட்டி பேச்சை நீங்கள் எப்போது கேட்டீர்கள்?

அந்தப் பாமா மேடத்தைப் பற்றித்தான் எனக்கு உதறல். வைத்தியம் செய்கிற இடத்தில் சாமிக்கு என்ன வேலை? தாயத்து, மந்திரித்த தண்ணீர் என்று ஆரம்பித்தால் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடி வந்துவிடுங்கள்.

கான்ட்ராக்ட் முடிய இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. நான் வந்துவிடட்டுமா? வேண்டாம் என்றுதான் சொல்வீர்கள். இருந்தாலும் கேட்கிறேன்.

உங்கள்,
ஜூலியா

பெங்களூர்
11.7.1996

அன்புள்ள ஜூலியா,

வேண்டாம். கான்ட்ராக்டை முடித்துவிட்டு வா. எனக்கு ஒன்றும் குறையில்லை.

தாயத்தும் இல்லை, மந்திரமும் இல்லை. செருப்பைக் கழற்றச் சொன்னது புல்லில் நடக்கத்தான். நடக்கும்போது மூச்சைக் கவனிக்க வேண்டும், அவ்வளவே. எனக்கு முன்னால் போன சிவாஜி நகர் தையல்காரர் உள்ளே தன்னுடைய துவாவைச் சொல்லிவிட்டுப் பேச ஆரம்பிப்பாராம். ஸ்ரீராம்புரத்து அம்மா ஒருத்தி விளக்கேற்றிவிட்டு உட்காருவாள். எனக்கு என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்டேன்.

"நாங்க எதையும் வெச்சிருக்கலைங்க. உங்ககிட்ட என்ன இருக்குதோ அதுலதான் ஆரம்பிக்கணும்" என்றார் பாமா.

"எங்கிட்ட கோபம்தான் இருக்குது. சாமியைத் திட்டலாமா?"

"தாராளமா. காது கேக்காதவர்னு நெனச்சா யாராவது திட்டுவாங்களா?"

ஆளை மடக்கிவிட்டார், பார். அரை மணி நேரம் திட்டினேன். விவேக் நகர் கோயில் குழந்தை இயேசு பயந்துபோய் ஆஸ்டின் டவுனுக்கே குடிபோயிருப்பார். வீட்டுக்கு வந்து மூன்று தோசை தின்றேன், சவரமும் செய்துகொண்டேன்.

வேலை செய்தது மாத்திரையா, திட்டா? இரண்டு பேரையும் கேட்டேன். மாத்திரை என்றார் டாக்டர். தெரியாது என்றார் பாமா. பிறகு இருவரும் சேர்ந்து காபி குடித்தார்கள். ஒரே வேலைக்கு இரண்டு ஃபோர்மன் இருந்து சண்டை வராத இடத்தை இப்போதுதான் பார்க்கிறேன்.

யூஜின்

மஸ்கட்
30.7.1996

மரியே வாழ்க

என் அன்பு யூஜினுக்கு,

நீங்கள் மார்க்கெட்டுக்குப் போய் மத்தி மீன் வாங்கியதாகவும், பேரம் பேசி மீன்காரியிடம் வசவு வாங்கியதாகவும் மௌரீன் எழுதியிருக்கிறாள். டியூட்டியில் இருக்கும்போதே அழுதுவிட்டேன். என் பழைய யூஜின் வந்துவிட்டார்!

நீங்கள் எழுந்து நடமாடினால் நன்றி சொல்வதாகக் குழந்தை இயேசுவுக்கு நேர்ந்திருந்தேன். அந்த நன்றியை எழுதி மௌரீனுக்கு அனுப்பிவிட்டேன். வியாழக்கிழமை நவநாள் ஜெபத்தில் ஃபாதர் வாசிப்பார். சாமியோடு சண்டை போதும், போய் முன் பெஞ்சில் உட்காருங்கள்.

உங்கள்,
ஜூலியா

பெங்களூர்
20.8.1996

ஜூலியா,

கோயிலுக்குப் போனேன். "விவேக் நகர் யூஜின் மனநோயிலிருந்து பூரண சுகம் பெற்றதற்காக மனைவி ஜூலியா நன்றி செலுத்துகிறார்" என்று ஃபாதர் மைக்கில் வாசித்தார். எல்லோரும் கை கொடுத்தார்கள்.

ரிச்மண்ட் டவுனுக்கு இப்போது போவதில்லை. தேவையில்லை அல்லவா. இங்கே மழை. உடம்பைப் பார்த்துக்கொள்.

யூஜின்

மஸ்கட்
3.9.1996

யூஜின்,

மரியே வாழ்க என்று எழுதக்கூட எனக்குப் பொறுமை இல்லை. உங்கள் கடிதத்தில் ஒரு கேலி இல்லை, ஒரு குத்தல் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு ஒழுங்கான கடிதம் நீங்கள் எனக்கு எழுதியதே இல்லை.

மாத்திரை சாப்பிடுகிறீர்களா, இல்லையா? பூசி மெழுகாமல் எழுதுங்கள். இது கிடைத்தவுடன் மௌரீனைக் கூட்டிக்கொண்டு டாக்டரைப் பாருங்கள். அவளுக்கும் தனியாக எழுதிவிட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

ஜூலியா

பெங்களூர்
22.9.1996

அன்புள்ள ஜூலியா,

மாத்திரையை நிறுத்தியிருந்தேன். இப்போது மறுபடி சாப்பிடுகிறேன். முதலில் இதைப் படித்துவிட்டு மூச்சு விடு, மீதியைப் பிறகு படி.

பூரண சுகம் என்று பீடத்தின் முன்னால் வாசித்தாகிவிட்டது. ஊரே கேட்டது. அன்று இரவு மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். இதை விழுங்கினால் நீ சாமியிடம் சொன்னது பொய்யாகிவிடும். நான் சாமியோடு சண்டைக்காரன்தான், ஆனால் உன்னைப் பொய்க்காரி ஆக்குவதா? மாத்திரையைத் திரும்ப டப்பாவில் போட்டுவிட்டேன். கொஞ்ச நாளில் பழையபடி கட்டில். இந்தத் தடவை கட்டிலில் படுத்திருந்தது முன்னைவிட மோசம். சுகமானவனுக்குப் படுக்க உரிமை ஏது?

உன் கடிதம் கிடைத்த அன்றே மௌரீன் ஆட்டோவோடு வந்துவிட்டாள். டாக்டர் சாந்தகுமாரி திட்டவில்லை. இனி நிறுத்துவதானால் தன்னைக் கேட்டுத்தான் நிறுத்த வேண்டும் என்று மட்டும் சொன்னார். பாமாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். சாமி மாத்திரை வழியாகவும் வருவார் என்று ஏதாவது சமாதானம் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

"உங்க விசுவாசத்துல நான் தீர்ப்பு சொல்லக் கூடாதுங்க. உங்க ஃபாதரையே கேட்டுட்டு வாங்க" என்றார்.

ஃபாதரிடம் போனேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "நான் காலைப் பூசைக்கு முன்னாடி பிரஷர் மாத்திரை போடறேன் யூஜின். அப்போ நான் சொல்ற பூசை பொய்யா?" என்றார். எனக்கு அங்கேயே சிரிப்பு வந்துவிட்டது. ஒரு மாதத்தில் முதல் சிரிப்பு.

மூடியைக் கழற்றிப் பார்க்க ஆசைப்பட்டேன் அல்லவா? போன வாரம் திறந்தது, உள்ளே நான்தான் இருந்தேன். "கடைசியா யார்கிட்டயாவது எதையாவது வேணும்னு கேட்டது எப்போ?" என்றார் பாமா. நெடுநேரம் யோசித்து, நாம் இருவரும் ஒன்பது வியாழக்கிழமை குழந்தை இயேசு முன்னால் மண்டியிட்டுப் பிள்ளை கேட்டதைச் சொன்னேன். கிடைக்கவில்லை. அதற்கப்புறம் நான் யாரிடமும் எதையும் கேட்டதே இல்லை, ஜூலியா. கேட்டால்தானே இல்லையென்று வரும்? வி.ஆர்.எஸ். காகிதத்தை நீட்டினார்கள், ஏன் என்று கேட்காமல் கையெழுத்துப் போட்டேன். நீ மஸ்கட் போகட்டுமா என்றாய், போ என்றேன். போகாதே என்று சொல்லத் தோன்றிற்று. நாக்கு எழவில்லை.

இப்போது கேட்கிறேன். நீ வந்துவிடு. முடியாது என்றால் முடியாது என்றே எழுது. அதற்காக மாத்திரையை நிறுத்த மாட்டேன், பாமாவிடம் போவதையும் நிறுத்த மாட்டேன். ஆனால் நீ வேண்டும்.

யூஜின்

மஸ்கட்
6.10.1996

என் யூஜினுக்கு,

ராஜினாமா கொடுத்துவிட்டேன். மேட்ரன் கத்தினாள், கத்தட்டும்.

பூரண சுகம் என்று எழுதியது ஃபாதர் இல்லை, மௌரீன் இல்லை, நான்தான். நீங்கள் முழுசாகக் குணமாகிவிட்டால் நான் மனசாட்சி உறுத்தாமல் இங்கே இருக்கலாம் என்று அவசரப்பட்டேன். மாத்திரைக்கு நாள் ஆகும் என்று உங்களுக்குப் பாடம் எடுத்தவள், எனக்கு மட்டும் பொறுமை இல்லாமல் போயிற்று. வேண்டாம், வேண்டாம் என்று நீங்கள் எழுதிய ஒவ்வொரு தடவையும், என்னை வேண்டாம் என்கிறீர்கள் என்றுதான் படித்தேன்.

அந்த ஒன்பது வாரமும் உங்கள் பக்கத்தில் மண்டியிட்டிருந்தவள் நான். எனக்கும்தான் கிடைக்கவில்லை. அதைப் பற்றி நாம் ஒருநாள்கூட உட்கார்ந்து பேசவில்லை. தினமும் ஜெபமாலை சொல்கிறேன், ஊரில் இருக்கிற நோயாளிகளுக்கெல்லாம் கேட்கிறேன், எனக்கென்று கேட்க வாய் வருவதில்லை. பாமா மேடத்திடம் இரண்டு நாற்காலி போடச் சொல்லுங்கள்.

நவம்பர் மூன்றாம் தேதி காலை பம்பாயிலிருந்து வருகிற விமானத்தில் வருகிறேன். மௌரீனை அனுப்பாதீர்கள். உங்களால் கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியாத நாளாக அது இருந்தாலும், சவரம் செய்யாவிட்டாலும், நீங்களே ஏர்போர்ட்டுக்கு வர வேண்டும். எனக்காகக் கேட்கிறேன்.

ஜூலியா