கிரேன் தண்டின் விரிசல்

வியாழன், இரவு.

ஜெசிந்தா இன்று தூத்துக்குடிக்கு வந்தாள். திரும்பத் திரும்பப் பாரம் ஏறி உலோகம் மெல்ல மெல்ல விரிசல் விடும் உலோகச் சோர்வு பற்றி என்னோடு ஒரே ஆய்வகத்தில் பிஎச்.டி. செய்தவள். இப்போது சென்னையில் பேராசிரியர். நான் இங்கே ஒரு கல்லூரியில் இன்னும் உதவிப் பேராசிரியர்தான்.

போன மாதம் ஒரு சரக்குக் கம்பெனியில் கிரேன் தண்டு உடைந்தபோது முதலில் என்னைத்தான் கூப்பிட்டார்கள். பாரம் அதிகமாகி ஒரேயடியாக முறிந்தது என்று எழுதிக் கொடுத்தேன். அதை வைத்து ஆபரேட்டர் அந்தோணியை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அவருடைய சங்கம் சண்டை போட்டு ஜெசிந்தாவை வரவழைத்தது.

அவள் உடைந்த இடத்தைக் கழுவித் துடைத்தாள். துருவுக்கு அடியில், மணலில் அலை விட்டுப்போன தடம் போல, வளைவு வளைவாகக் கோடுகள். விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறிய தடம் அது; பல மாதங்களாக வளர்ந்திருக்கிறது. அந்தோணி மேல் தப்பே இல்லை.

"ஏளா, நீ இதக் கழுவிப் பாக்கலையா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

கம்பெனி மேனேஜரிடமோ, "அன்னைக்கு துரு மூடிக் கெடந்திருக்கும் சார். யாரு பாத்தாலும் தெரிஞ்சிருக்காது" என்றாள். எனக்காகப் பொய் சொன்னாள்.

"நீங்க நல்லா இருக்கணும்மா" என்று அந்தோணி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பக்கத்தில் நின்ற என்னை அவர் பார்க்கவே இல்லை.

அவருக்கு வேலை திரும்பக் கிடைத்ததில் நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அந்தக் கோடுகளை அவள் கண்டுவிட்டாளே என்றுதான் வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது.

நாளை அந்தோணி வீட்டுக்குப் போய், கழுவிப் பார்க்காதது என் தப்பு என்று சொல்ல வேண்டும். ஜெசிந்தா ரயில் ஏறிய பிறகு போகலாம்.