மேட்டுத் தெருவின் முறை

இன்று காலை உன் சாவி என் கையெல்லாம் துருவைப் பூசிவிட்டது. குறுக்குக் கைப்பிடி போட்ட, தெருக் குழாய்த் தண்ணீரைத் திறந்து மூடும் இடுப்பு உயர வால்வு சாவி. துடைக்கும்போது அதிலிருந்து ஏரிச் சேற்று வாசனை வந்தது, கூடவே நீயும் வந்தாய். நீ போன பிறகு நகராட்சியில் அதை என்னிடம் கொடுத்தார்கள். ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் நாம். ஆனாலும் நீ இருந்தவரை என்னை அதைத் தொட விட்டாயா?

நம் ஊரை வெளியூர்க்காரர்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். பஸ்ஸை விட்டு இறங்கினால் எதிரே ஏரி. ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் கமிஷனர் முதல் கடைக்காரர் வரை வேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க ஓடும் ஊர் இது. ஆனால் குழாயில் தண்ணீர் இரண்டு நாளைக்கு ஒருமுறை, தெருவுக்கு ஒரு மணி நேரம். அதிலும் மேட்டுத் தெருவுக்கு ஏற வேண்டுமானால் கீழே எல்லா வால்வும் மூடியிருக்க வேண்டும். சண்டையில்லாமல் ஊர் இந்த முறைக்குப் பழகியது உன்னால்தான். கவுன்சிலரே போன் செய்தாலும், "ஒங்க தெரு நாளைக்கி சார்" என்பாய். அவரும் சிரித்துக்கொண்டே வைத்துவிடுவார்.

உன் மகள் கல்யாணத்தன்றும் மேட்டுத் தெரு முறைதான். உன் வாசலில் பந்தல், சொல்லியிருந்த டேங்கர் வரவில்லை, அரிசி களையத் தண்ணீர் இல்லாமல் சமையல்காரர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். எனக்குப் பொறுக்கவில்லை. உன் சாவியைத் திருட்டுத்தனமாக எடுத்துப்போய் நம் தெரு வால்வைத் திறந்துவிட்டேன். குழாய்ச் சத்தம் கேட்டுப் பட்டுவேட்டியோடு ஓடிவந்தாய்.

"இன்னாப்பா பண்ணிக்கினு கீற? மேல பொம்பளைங்க கொடத்த வச்சிக்கினு நிக்கிறாங்க!"

"வந்தவங்க இன்னா துன்னுவாங்க?"

"அவங்க ஊட்ல மட்டும் இன்னிக்கி ஒலை வைக்க வாணாவா?"

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குழிக்குள் குனிந்து நீயே மூடினாய். வந்த கோபத்தில் நான் பந்தலுக்குள் போகாமல் ரோட்டிலேயே நின்று உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அதனால்தான் நான் முதலில் பார்த்தேன். தண்ணீர் நடுவில் நின்று வந்த காரணம் எப்படியோ மேலே எட்டியிருக்கிறது. மேட்டுத் தெருப் பெண்கள் பிடித்த குடங்களோடு வரிசையாகச் சரிவில் இறங்கி வந்தார்கள். முன்னால் வந்த அம்மா தெலுங்கில், "மன இண்ட்லோ பெள்ளி காதா!" என்றார். நம்ம வீட்டுக் கல்யாணமாம். அண்டா நிறைந்தது. நீ பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு அழுதாய். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். உன்னை நினைத்து எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்பதை ஒருநாளும் உன்னிடம் சொல்லவில்லை.

நாளை என் பேத்திக்குக் காது குத்து. டேங்கர்க்காரர் இன்று கையை விரித்துவிட்டார். நாளை யார் முறை என்று உனக்குச் சொல்ல வேண்டுமா?

"சாவி ஒங்கையிலதான கீது?" என்று என் மனைவி கேட்டுவிட்டாள். நான் உன் அளவுக்கு நல்லவன் இல்லையப்பா. ஒரு நிமிஷம் சபலம் தட்டத்தான் செய்தது. எனக்காக யாராவது இறங்கி வருவார்களா என்று பயமாகவும் இருக்கிறது.

சாவியை மூலையில் சாய்த்துவிட்டேன். அண்டாக்களைக் கழுவி, வாசலில் நிமிர்த்தி வைத்திருக்கிறேன்.